கத்தரி வற்றலும் நம் சங்கமும்

"கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகவேண்டும்" என்பது பழமொழி. இதைச் சொன்னவர் தோட்டக்காரராய் இருந்திருக்க மாட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. விதை கடினப்பட்டுத் தோல் மங்கிய காயைக் கடைத்தெருவில் கேட்பார் யார்? இளங்காயாகவே பறித்துக் கொண்டுபோனாலும், எல்லாத் தோட்டங்களும் ஒருங்கே காய்க்கும் நாளில் பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கட்டாத விலையே கிடைக்கிறது. காயைச் செடியிலேயே விட்டுவிடுவதும் மாட்டுக்குப் போடுவதும் நம் அங்கத்தினர் பலர் கண்ட அனுபவம்.

நெய்த துணி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற ஸ்தாபனங்கள் நெசவாளருக்குத் துணை நிற்க முடிந்ததற்கு, துணி காத்திருக்கக்கூடிய சரக்கு என்பதும் ஒரு காரணமாகும். கத்தரிக்காய் காத்திருக்காது. 1999இல் மதுரையில் முதலாவதாகத் திறக்கப்பெற்ற உழவர் சந்தை தரகைத் தவிர்த்தது நல்லதே. ஆயினும் அன்று பறித்ததை அன்றே விற்பதற்குத்தான் அது ஏற்றது. குளிர்பதனக் கிடங்கு கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறும் நண்பர்களோடும் இவ்விஷயத்தில் நாம் ஒத்துப்போக இயலவில்லை. கத்தரி வெப்பநாட்டுச் செடி. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நாள் இருந்தால் காயின் தோலில் குழி விழும். உள்ளே சதையும் விதையும் கறுக்கும். அதற்கு ஏற்ற அளவான குளிர்ச்சியிலும் அது ஏறக்குறைய இரண்டு வாரமே தாங்கும். அதற்காகக் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்புவது நமக்குக் கட்டுப்படியாகாது.

இந்தக் காயைக் காத்திருக்கச் செய்யும் வழியை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். அது வற்றல் போடுவதே. செய்முறை பலருக்குத் தெரியும் என்றாலும், பாதி தெரிந்ததால் கெட்டுப்போன பானைகளும் உண்டாகையால் சற்று விரித்துச் சொல்கிறோம்.

புழுத்துளை இல்லாத பிஞ்சுக் காய்களையே எடுக்கவேண்டும். கழுவித் துடைத்து, காம்பு நீக்கி, நான்காக வகிர்ந்தவுடன் உப்பு நீரில் போடவேண்டும்; வெட்டுவாய் காற்றுப் பட்டால் கறுத்துவிடும். பிறகு உப்பும் சிறிது மஞ்சளும் சேர்த்துக் கொதிக்கும் நீரில் மூன்று, நான்கு நிமிஷம் இட்டு எடுத்தால் அந்தக் கறுப்பு மேலும் பரவாது, காய்வதும் விரைவாகும். குழைய விடலாகாது. நீரை வடித்து, ஓலைப்பாயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஈ மொய்க்காதபடி மெல்லிய துணியால் மூடி வெயிலில் வைக்கவேண்டும். (கிழிந்த வேட்டிக்கு நெசவாளர் வீட்டில் பஞ்சமா?) பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். நல்ல வெயிலில் மூன்று, நான்கு நாளில், வளைத்தால் ஒடியும் பதம் வரும். சிலர் உப்பிட்ட மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் உலர்த்துவர். சுவை அதற்கே அதிகம்.

சென்ற ஆண்டு நாம் உலர்த்திய வற்றலைச் சூடு ஆறுமுன் டப்பாவில் அடைத்து மூடிவிட்டோம். உள்ளே வேர்த்துப் பூசணம் பிடித்தது. முழுவதையும் கொட்ட நேர்ந்தது. ஆறவிட்டே அடைக்கவேண்டும், மாதம் ஒருமுறை வெயில் காட்டவேண்டும். இன்னொன்று: துண்டுகளை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்துப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. கத்தரி புளிப்புக் குறைந்த காய். காற்றில்லாத எண்ணெய்க்குள் உயிரையே போக்கும் நஞ்சைத் தரும் கிருமி அதில் வளரக்கூடும். மணத்தாலும் நிறத்தாலும் அதைக் கண்டுகொள்ள முடியாது. இதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

கத்தரிக்காயில் 100க்கு 90 பங்குக்கு மேல் நீரே. பத்துக் கிலோ காய்க்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகவே வற்றல் தேறும். வெயிலில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை எண்ணிப் பாருங்கள். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது, குழித்தறியில் ஈரம் ஊறுகிறது, கூலி நின்றுபோகிறது. காய்கறி விலை ஏறுவதும் அப்பொழுதுதான். அந்நாளில் ஒரு பிடி வற்றலை வெந்நீரில் ஊறவைத்தால் ஒரு குடும்பத்துக்குக் குழம்பு ஆகும். தோட்டக்காரரின் பங்குனி நஷ்டமும் நெசவாளரின் கார்த்திகைக் குறையும் ஒரே சங்கத்தின் இரு பேரேடுகளில் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து ஒரு கணக்காக்க நாம் இதுவரை முயலவில்லை.

"வற்றல் போடுவது வீட்டுப் பெண்களின் வேலை, அதற்குச் சங்கம் எதற்கு?" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். நம் வாதமே அங்கிருந்துதான் தொடங்குகிறது. வெட்டுவதும் வேகவைப்பதும் நாள்தோறும் பாயைத் தூக்கி வைப்பதும் பெண்கள். பாவு பிணைப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் அவர்களே. இவற்றில் எதற்கும் அவர்கள் பெயரில் ஒரு வரவு எழுதப்படுவதில்லை. சங்கம் வற்றலை ஏற்பதானால், பணம் உலர்த்தியவர் பெயரில் பற்றாகவேண்டும். அவர்களை அங்கத்தினராகவும் சேர்க்கவேண்டும். இதற்கு இசையாத திட்டத்தை நாம் ஆதரிக்க மாட்டோம்.

முற்றிய காயையும் மறக்கவேண்டாம். அது வற்றலுக்கு ஆகாது. ஆனால் நாட்டு ரகத்தில் நோயற்ற செடி ஒன்றைக் குறித்துவைத்து, அதன் காய் இரண்டை மஞ்சளாகப் பழுக்கவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதை கிடைக்கும். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததென்றால், தலைமுறைதோறும் அதற்கு விதை எடுத்து வைத்தவர்கள் இருந்ததே காரணம்.

வரும் மகாசபையில் நாம் கொண்டுவரவிருக்கும் தீர்மானம் சிறியது. பண்டகசாலையின் மாடியை மாசி முதல் சித்திரை வரை உலர்த்துவதற்கு விடவேண்டும். மூடியுள்ள தகர டப்பாக்கள் வாங்கவேண்டும். கிலோவுக்கு இன்ன விலை என்று பருவத்துக்கு முன்பே அறிவிக்கவேண்டும். வெளியாருக்கு விற்பதானால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளவேண்டும். முதலாண்டு அங்கத்தினர் வீடுகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பதே உசிதம் என்பது நம் அபிப்பிராயம். விலை எவ்வளவு என்பதை ஆண்கள் மட்டும் கூடி முடிவு செய்யாதிருக்க, உலர்த்திப் பழகிய தாய்மார் நால்வரையாவது அன்று அழைத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.