கூலியாள் கிடைக்கவில்லை என்னும் முறையீடு

விருத்தாசலம் தாலுகாவில் எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும் நிலச்சுவான்தார்கள் நம்மிடம் முதலில் சொல்லும் முறையீடு ஒன்றே: "ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கேட்கும் கூலி கட்டுபடியாவதில்லை." பீங்கான் சூளைகளும் நெய்வேலிச் சுரங்கமும் ஜனங்களை இழுத்துக்கொண்டன என்றும் அவர்கள் குறை கூறுகின்றனர். இதில் உண்மை உண்டு. ஆயினும் குற்றம் முழுவதையும் தொழிலாளியின் தலையில் சுமத்துவது தகாது என்பதே எமது அபிப்பிராயம்.

கூலியை நிர்ணயிப்பவை மூன்று: ஸ்தலம், தொழில், அநுபவம்.

முதலாவது, ஸ்தலம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி, 2022-23-ஆம் வருஷத்தில் கிராமப்புற ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 764 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய். தேச முழுமைக்கும் சுமார் 346 ரூபாய். கட்டட வேலைக்கோ கேரளத்தில் 852 ரூபாய்க்கு மேல். மண்வெட்டி ஒன்றே, வெயிலும் ஒன்றே. கூலி மட்டும் மும்மடங்கு வேறுபடுகிறது. ஆகவே, திடகாத்திரமான வாலிபன் மேற்கே ரயிலேறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது, தொழில். பீங்கான் பட்டறையில் நாட்கூலி வயற்கூலியைவிடக் குறைவாயிருந்தாலும் ஆட்கள் அதையே நாடக் காரணம், அங்கே வேலை கூரையின் கீழ், பருவத்தை நம்பாமல் நடப்பதே. உதாரணமாக, நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் 120 நாள் வேலை பெறுபவனுக்கு வருஷத்தில் 60,000 ரூபாய். 400 ரூபாய் வீதம் 280 நாள் பெறுபவனுக்கு 1,12,000 ரூபாய். நாம் நாட்கூலியைப் பார்க்கிறோம். அவன் வருஷ ஜீவனத்தைப் பார்க்கிறான்.

மூன்றாவது, அநுபவம். மண் பிசையும் புதியவனுக்கும், மெருகுப்பூச்சின் பதமும் சூளையின் சூடும் அறிந்தவனுக்கும் பட்டறைக்காரர் ஒரே கூலி கொடுப்பதில்லை. நாமோ, இருபது வருஷம் களையெடுத்துக் கை தேர்ந்த ஸ்திரீக்கும் நேற்று வந்தவளுக்கும் ஒரே கூலி அளக்கிறோம். அதுவும் ஆணுக்குக் கொடுப்பதிலும் குறைவாக. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-ஆம் வருஷத்திலேயே சட்டம் ஏற்பட்டும் வழக்கம் மாறவில்லை.

இதனால் நஷ்டம் யாருக்கு? இறவை நிலக்கடலைக்கு விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் களை நீக்கி, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கவேண்டும். விழுது மண்ணில் இறங்கியபின் களைக்கொத்துப் போடுவது காயை அழிப்பதேயாகும். எமக்குத் தெரிந்த ரயத்து ஒருவர், பத்து ஆட்களுக்குத் தலைக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க மனமின்றிப் பத்து நாள் பேரம் பேசினார். மிச்சம் பிடித்தது 500 ரூபாய். அறுவடையன்று பாதிச் செடிகளில் பொக்குக் காயே கண்டோம். அன்று அவர் கூலியைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"விளைபொருளின் விலை எங்கள் கையில் இல்லையே, கூலியை எப்படி உயர்த்துவது?" என்று கேட்பது நியாயமே. அதற்கு எமது யோசனை: ஒரே வாரத்தில் எல்லோரும் விதைத்து, ஒரே வாரத்தில் எல்லோரும் ஆள் தேடுவதை விடவேண்டும். கிணற்றுப் பாசனமுள்ள அண்டை ரயத்துக்கள், பட்டத்துக்குள்ளேயே நாலைந்து நாள் இடைவிட்டு விதைத்தால், ஒரே கூட்டத்தாருக்குத் தொடர்ந்து வேலை கிடைக்கும். விதைப்புக் கருவியால் ஆட்செலவைக் குறைத்து, அம்மிச்சத்தைக் கைத்திறனுக்குக் கொடுக்கலாம். முந்திரியில் இளந்தண்டு ஒட்டுக் கட்டக் கற்றவர்களுக்குத் தனிக் கூலி விகிதம் ஏற்படுத்துவதும் அவசியம்.

கிராம அதிகாரிகள், அந்தந்தக் கிராமத்தில் எந்த மாதம் எவ்வளவு வேலை உண்டென்பதை ரயத்துக்களைக் கூட்டிக் கணக்கெடுத்தால், இக்காரியம் பாதி முடிந்ததாகும்.

ஆள் இல்லாத ஊர் என்று ஒன்றில்லை. ஆளுக்கு வருஷ முழுதும் வேலை இல்லாத ஊர்களே உண்டு. விவசாயப் பெருமக்கள் அடுத்த பட்டத்திற்கு விதை எடுக்குமுன் இதனை ஆலோசிப்பார்களாக.

— விருத்தாசலம் விவசாய டிமான்ஸ்டிரேட்டர்