இசட் என்றொரு கோப்பு

லினக்ஸில் டார் கமாண்டை 20 வருடமாக ஹைபன் இல்லாமல்தான் அடித்துவருகிறேன். சி, எஃப், இசட் என்று மூன்றெழுத்து, அடுத்து காப்புக் கோப்பின் பெயர், அடுத்து ஃபோல்டர். சி என்றால் மூட்டை கட்டு. எஃப் என்றால் இந்தப் பெயரில் கட்டு. இசட் என்றால் சுருக்கிக் கட்டு. ஒருநாளும் சண்டித்தனம் செய்ததில்லை.

போன வாரம் பக்கத்து இருக்கைத் தம்பி எட்டிப் பார்த்தான். "அண்ணா, ஆப்ஷனுக்கு முன்னாடி ஹைபன் போடணும். அதான் முறை." சரி, சின்னப் பையன் சொன்னால் கேட்கக் கூடாதா? போட்டேன். நான் கொடுத்த பெயரில் அப்படியொரு கோப்பே இல்லையென்று பிழை வந்தது. ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால், 'இசட்' என்ற பெயரில் கொஞ்சமும் சுருங்காத ஒரு மூட்டை கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது.

டாருக்கு இரண்டு பழக்கம். 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஆள் அது. அதற்கு முன்னிருந்த காந்த நாடா நிரல்களின் வழியில், எழுத்துகளை ஹைபனில்லாமல் ஒரே கொத்தாக வாங்கிக்கொள்ளும்; கொத்து முடிந்தபின் வரும் பெயரை எஃப்புக்குக் கொடுக்கும். ஹைபனைப் பார்த்தாலோ மற்ற கமாண்டுகளின் வழக்கத்துக்கு மாறிவிடும். அங்கே விதி வேறு: பெயரோ எண்ணோ கேட்கும் எழுத்துக்குப் பின்னால் எது ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதுதான் அதற்குரியது. எஃப் பெயர் கேட்டது, பக்கத்தில் இசட் நின்றது, பிடித்துக்கொண்டது. நான் வைத்த பெயர், மூட்டைக்குள் போகவேண்டிய சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

இப்படி விதிக்குள் விதி இருப்பதற்குக் காரணம் உண்டு. யூனிக்ஸ் வளர்ந்த காலத்து டெலிடைப் 33 இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அதனால் ஆப்ஷன்கள் ஓரெழுத்தில் நின்றன. எழுத்துகளோ சீக்கிரம் தீர்ந்தன. தூரத்துக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் போர்ட் எண்ணுக்குச் சின்ன பி. அங்கே கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபியில் அந்த எழுத்து கோப்பின் தேதியைக் காப்பாற்றப் போய்விட்டதால் போர்ட்டுக்குப் பெரிய பி. பிற்பாடு க்னூக்காரர்கள் இரட்டை ஹைபன் போட்டு முழுச்சொல்லாக எழுதும் வழியைப் பரப்பினார்கள். பாசிக்ஸ் தரமும் வழக்கத்தில் இருந்ததைத்தான் விதியாக எழுதிவைத்தது: ஒன்றும் கேட்காத எழுத்துகளைக் கொத்தாகக் கட்டலாம்; ஏதாவது கேட்கிற எழுத்து கொத்தின் கடைசியில்தான் நிற்கவேண்டும்.

தம்பி சொன்னதில் தப்பில்லை. ஹைபன் முறையின் முதல் பாதி, வரிசை மறுபாதி. முறையே இல்லாமல் இருந்தவரை எனக்கு வேலை நடந்தது. பாதி முறைக்கு வந்தேன், கெட்டது. இப்போது சி, இசட், எஃப் என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். விரல்கள்தான் இன்னும் எஃப்பில் ஒரு கணம் தயங்குகின்றன.