சாதி கேட்காத லாரி, சாதி கேட்கும் வீடு

அமெரிக்காவில் இருக்கிற நம்ம தோழர் ஒருவர் வீடு மாறினார். டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனிலிருந்து வடமேற்கு மூலையில் இருக்கிற சியாட்டில் பக்கம். சுமார் 3,700 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இல்லை, கிளீனர் இல்லை, சுமை தூக்க ஆள் இல்லை. வாடகைக்கு லாரியை எடுத்து, சாமானை இவரே ஏற்றி, கயிறு கட்டி, இவரே ஓட்டிக்கொண்டு போனார். அங்கே அப்படித்தான். கார் ஓட்டும் உரிமம் இருந்தால் போதும், 26 அடி நீள லாரியைக்கூட நம்பிக் கொடுத்துவிடுகிறான். எடுத்த ஊரில் திருப்பி விட வேண்டியதில்லை. போய்ச் சேருகிற ஊரில் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

"அண்ணே, உரிமம் கேட்டான், கார்டு கேட்டான், எந்த ஊர்ல வண்டிய விடுவன்னு கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல" என்று சிரித்தார் தொலைபேசியில்.

சிரிப்பு எனக்குப் புரிந்தது. விழுப்புரம் பக்கம் காலனியில் பிறந்து, சென்னையில் படிக்க வந்து, 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்கிய தெருவெல்லாம் அலைந்தவர் அவர். "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு? நீங்க என்ன ஆளுங்க?" இந்த நான்கு கேள்வியும் கடைசிக் கேள்வியில்தான் வந்து முடியும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவன் "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்பான். பதில் சொன்ன மறுநாள் "சொந்தக்காரங்க வர்றாங்கப்பா, வீடு இல்ல" என்பான். போர்டு மட்டும் அடுத்த மாசமும் தொங்கும்.

அப்படியானால் அமெரிக்கா சொர்க்கம் என்று எழுத வந்திருக்கிறேனா? இல்லை தோழர்களே. லாரி கேட்காததை அங்கேயும் வீடு கேட்டிருக்கிறது. அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அதில் வேலை இருக்கிறது.

இந்த 'நீயே எடுத்து நீயே ஓட்டு' வாடகை வண்டித் தொழிலை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது யூ-ஹால் என்ற நிறுவனம். 1945இல் கடற்படையிலிருந்து வெளியே வந்த லியோனார்ட் ஷோயன், மனைவியோடு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து போர்ட்லாந்துக்குக் குடிபோக நினைத்தார். சாமான் ஏற்ற ஒருவழிக்கு மட்டும் வாடகை வண்டி கிடைக்கவில்லை. அந்தக் குறையே தொழிலாயிற்று. வாஷிங்டன் மாநிலத்தில் ரிட்ஜ்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் இழுவைப் பெட்டிகளை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். போர் முடிந்த காலம். நாடே இடம் மாறிக்கொண்டிருந்தது. நினைத்த ஊருக்கு மூட்டை முடிச்சோடு போய் வாழலாம் என்பது அங்கே பெரிய சுதந்திரம்.

யாருக்குச் சுதந்திரம்? அதைத்தான் கேட்க வேண்டும். 1910க்கும் 1970க்கும் இடையே சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். பருத்திக் காட்டையும் தூக்குக் கயிற்றையும் விட்டு ஓடியவர்கள். அவர்கள் வழியில் எந்த ஊரில் சாப்பிடலாம், எங்கே படுக்கலாம், எங்கே பெட்ரோல் போட விடுவான் என்று சொல்ல ஒரு கையேடே தேவைப்பட்டது. நியூயார்க் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரரான விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத்தவர் 1936இல் அதை வெளியிட ஆரம்பித்தார். 'பச்சைப் புத்தகம்' என்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு கறுப்பர் தங்கக் கூடாது என்று எழுதிவைத்த ஊர்களும் உண்டு, எழுதாமலே விரட்டிய ஊர்களும் உண்டு. நம்ம தோழர் லாரி ஓட்டிப்போன ஓரிகன் மாநிலம் இருக்கிறதே, 1859இல் அது மாநிலமானபோதே புதிதாகக் கறுப்பர் வரக்கூடாது, குடியிருக்கக்கூடாது, நிலம் வைத்திருக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. அந்த வாசகத்தை நீக்கியது 1926இல்தான். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று நம்மவர்களுக்கு எழுதாமல் வைத்த சட்டத்தை அங்கே எழுதியே வைத்திருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வண்டிக் கதை சொல்கிறேன். 1951 ஜூன். சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரம். ஹார்வி கிளார்க் என்ற கறுப்பினத்தவர் பேருந்து ஓட்டுநர். போரில் பணியாற்றியவர். மனைவி, இரண்டு குழந்தைகள். முன்பணம் கொடுத்து வாடகை வீடு எடுத்துவிட்டார். சாமான் வண்டி வாசலுக்கு வந்தபோது தடுத்தது பக்கத்து வீட்டுக்காரன் இல்லை, போலீஸ். அடித்து விரட்டியது. கிளார்க் நீதிமன்றம் போய், குடியேறத் தடையில்லை என்று ஆணை வாங்கிவந்தார். ஜூலையில் சாமானை இறக்கினார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளையர் கூடி வீட்டை உடைத்து, கட்டில், மேசை, பியானோ எல்லாவற்றையும் ஜன்னல் வழியே வெளியே எறிந்து கொளுத்தினார்கள். ஆளுநர் படையை அனுப்ப வேண்டியதாயிற்று.

பிறகு நடந்ததைக் கேட்டால் நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். விசாரித்த மாவட்ட நடுவர் குழு கொளுத்தியவன் ஒருவன் மீதும் குற்றம் சாட்டவில்லை. கிளார்க்குக்கு உதவிய வழக்கறிஞர் மீதும் வீட்டை வாடகைக்கு விட்ட உரிமையாளர் மீதும்தான் குற்றம் சாட்டியது! அந்த வழக்கு பின்னால் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். எரிந்த சேரியில் எரிந்தவன் மீதே வழக்குப் போடுகிற காவல்துறையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசா?

ஒடுக்கப்பட்டவன் சாமான் மூட்டையோடு நடுத்தெருவில் நிற்பதை நமக்கு முதலில் எழுதிக் காட்டியவர் பாபாசாகேப். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் இந்தியா திரும்பினார். தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள் போரில் மூழ்கிப்போயின. மிஞ்சியதோடு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார். தங்க இடமில்லை. இந்து விடுதியில் விடமாட்டான். பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினொன்றாம் நாள் தடிகளோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் மாடிக்கு வந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவருமே சாக்குச் சொல்லிக் கைவிட்டார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறி பம்பாய் திரும்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு ஒரு அறை இல்லை.

இப்போது இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பருக்கு வீட்டை விற்கமாட்டோம் என்று வெள்ளையர்கள் பத்திரத்தில் எழுதிக்கொள்கிற வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. அந்த நிபந்தனையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக்கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே என்ன நடந்தது? அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம், பார்சிகள் மட்டும்தான் உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்தது. அந்த விதி செல்லும் என்று 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் சேரும் உரிமையாம்! 1917இல் பாபாசாகேபைத் தடியோடு வெளியேற்றிய அதே குஜராத் மண். அவர் எழுதிய அரசியல் சட்டத்தை வைத்தே கதவைச் சாத்துகிறார்கள். இது ஒரு சிறுபான்மைச் சங்கத்தின் பிரச்சினை மட்டும் இல்லை. நாளைக்கு எந்த ஆதிக்கச் சாதிக்காரனும் நாலு கிரவுண்டு மனை வாங்கி, சங்கம் பதிந்து, 'நம்மவர் மட்டும்' என்று எழுதிக்கொள்ள இதைத்தான் காட்டுவான்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. உங்களில் எத்தனை பேர் வீடு மறுக்கப்பட்டதற்கு அந்தப் பிரிவில் புகார் எழுதியிருக்கிறீர்கள்? நானும் எழுதியதில்லை. "வீடு இல்லப்பா" என்று சொன்னவன் சாதிக்காகத்தான் சொன்னான் என்று எப்படி நிரூபிப்பது? அங்கேதான் நாம் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். 2017இல் தமிழ்நாடு அரசு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கென்று புதுச் சட்டமே கொண்டுவந்தது. ஒப்பந்தம் எழுது, பதிவு செய் என்று சொல்லத் தெரிந்த அந்தச் சட்டத்துக்கு, சாதி கேட்டு வீடு மறுக்காதே என்று ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. நம்மை இடம் மாற்ற அரசு நினைத்தால் லாரி மட்டும் நேரத்துக்கு வந்து நிற்கும். கூவம் கரை, அடையாறு கரை சனங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டியது அரசு லாரிதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் அதுதான் நடந்தது. வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம். நாமாகப் போனால் கதவு சாத்தியிருக்கிறது, அவனாகக் கொண்டுபோனால் கதவு திறந்திருக்கிறது. எங்கே திறந்திருக்கிறது? நம்மை மட்டும் சேர்த்துவைக்கிற இடத்தில். சேரியை மாடி மாடியாக அடுக்கிக் கட்டினால் அது நகர்ப்புற வளர்ச்சியாம்.

கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்றார் அம்பேத்கர். 1942இல் நாகபுரி மாநாட்டில் தனிக் குடியேற்றங்களே வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வெளியேறினோம், சரி. போய்ச் சேர்ந்த இடத்தில் கதவைத் திறக்க வைப்பதற்கு இயக்கம் என்ன செய்தது? கோயில் நுழைவுக்குப் போராடினோம், தேர் இழுக்கப் போராடினோம், சுடுகாட்டுப் பாதைக்குப் போராடினோம். வாடகை வீட்டுக்கு ஒரு போராட்டம் நடத்தினோமா? அதை ஒவ்வொருத்தரும் தன் சொந்த அவமானமாக வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லி, பாபாசாகேப் படத்தை உள்ளறையில் மாட்டி, காலம் தள்ளுகிறோம். பரோடாவில் பொய்ப் பெயர் சொல்ல நேர்ந்ததை அவர் மறைக்கவில்லை, எழுதிவைத்தார். நாம் மறைக்கிறோம்.

கறுப்பின மக்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்ததோடு அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. சோதனையாளர்களை அனுப்பினார்கள். ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி குடும்பம். ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். ஒரே வீட்டுக்குத் தனித்தனியாகப் போய்க் கேட்பார்கள். அவருக்கு இல்லாத வீடு இவருக்கு இருக்கிறது என்றால் அதுதான் சாட்சி. அப்படிப் பொய் சொல்லப்பட்ட சோதனையாளரே வழக்குப் போடலாம் என்று 1982இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இதனால் அங்கே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் நிரூபிக்க முடியாது என்ற சாக்கு உடைந்தது.

மாணவத் தோழர்களே, இதை நாம் செய்ய என்ன தடை? சென்னை, மதுரை, கோவை, திருச்சி, எந்த ஊரிலும் விடுதிக்கு வெளியே வீடு தேடுகிறீர்கள். இரண்டு இரண்டு பேராகப் போங்கள். சாதி ஒழிப்பு பேசுகிற பிற சாதி நண்பர்கள் இருக்கிறார்களே, அவர்களை அழைத்துப் போங்கள். மேடையில் பேசுவதைவிட இது பயன்படும். தேதி, நேரம், தெரு, கேட்ட கேள்வி, சொன்ன பதில் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். நூறு வீடு சேரட்டும். அதை வைத்துக்கொண்டு, சாதியோ மதமோ கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும் என்று சட்டமன்றத்தின் முன் நிற்போம். ஒருத்தன் அவமானம் என்றால் அழுகை. நூறு பேர் ஏடு என்றால் வழக்கு.

மறுபடியும் லாரிக்கு வருகிறேன். வாடகை வண்டித் தொழில் பிறந்த அதே வாஷிங்டன் மாநிலத்தில்தான் சியாட்டில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அந்த நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. வேலை, வீடு, பொது இடம் மூன்றிலும். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம். கப்பலேறிப் போன சாதிக்கு அங்கேயும் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் அது எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது பாருங்கள். அந்தச் சட்டம் நகர எல்லைக்குள்தான் செல்லும். நம்ம தோழருக்கு வீடு கிடைத்தது ஏரிக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே. அந்தக் குடியிருப்பில் நம் நாட்டுக்காரர்கள் நிறைய.

"போர்வையெல்லாம் சுத்தி, பாபாசாகேப் படத்த மட்டும் லாரியில பின்னாடி போடாம முன்னாடி எங்க பக்கத்துலயே வச்சிருந்தோம்ணே. அஞ்சு நாளு. ஓரிகன் மலை இறக்கத்துல பிரேக் சூடாகிப் பொக வந்துச்சு, அப்பக்கூட அவதான் படத்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. இங்க வந்து ஆணி அடிக்கிறப்ப கேக்குறா, என்னங்க, ஹால்லயா, உள்ளயான்னு. பக்கத்து வீட்ல தமிழ்க் குடும்பம். சாயங்காலம் பாக்க வர்றேன்னு சொல்லியிருந்தாங்க."

"எங்க மாட்டின?" என்றேன்.

"ஹால்லதாண்ணே. வந்தாங்க. பாத்தாங்க. காபி வேணாம்னுட்டுப் போனாங்க."

3,700 கிலோமீட்டர் ஓட்டியவருக்குக் கடைசிப் பத்தடிதான் தூரமாக இருந்திருக்கிறது. படம் ஹாலிலேயே இருக்கட்டும் தோழரே. இங்கே ஏட்டில் எழுத ஆரம்பிக்கிறோம்.