காருக்கு முன்னே கம்பி வேலி எதற்கு?

புதுக் கார் வாங்குகிறவர்கள் முதலில் கோயில் வாசலில் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். அடுத்தபடியாகப் பலர் போய் நிற்கும் இடம் உதிரிச் சாமான் கடை. அங்கே, கைப்பிடிக்கு அடங்காத பருமனுள்ள இரும்புக் குழாய்களை வளைத்து, பளபளவென்று முலாம் பூசிய ஒரு வேலியைக் காரின் முகத்துக்கு நேரே முடுக்கிக் கொள்கிறார்கள். ‘புல் பார்’ என்று இதற்குப் பெயர். ‘கார்டு’ என்று சொன்னாலும் கடைக்காரருக்குப் புரியும். அதை மாட்டியபின் சொந்தக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. பெண்டு பிள்ளைகளுக்குக் கவசம் வாங்கிவிட்டோம் என்ற நிம்மதி அது.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. அதோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கவசமே காருக்குள் இருப்பவர்களுக்கும், காருக்கு எதிரே அகப்படுபவர்களுக்கும் சில சமயம் எமனாகிவிடுகிறது.

கெட்டியான பொருள்தான் காப்பாற்றும் என்பது நம் ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் உள்ள நம்பிக்கை. “அந்தக் காலத்து வண்டியல்லவா வண்டி! தகட்டைத் தட்டினால் வெண்கல மணிபோல் நாதம் கேட்கும். இப்போது வருவதெல்லாம் தகர டப்பா” என்று பெருமூச்சு விடாத பெரியவர் உண்டா? இந்தப் பெருமூச்சுக்கு 2009-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு நேரடிப் பதில் கிடைத்தது. அந்நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம் தன் பொன்விழா ஆண்டில் இரண்டு ஷெவர்லே கார்களை எடுத்துக்கொண்டது. ஒன்று 1959-ம் ஆண்டின் ‘பெல் ஏர்’; நீண்டு அகன்ற, கப்பல் மாதிரியான வண்டி. மற்றது 2009-ம் ஆண்டின் ‘மாலிபு’. இரண்டிலும் மனிதப் பொம்மையை உட்கார வைத்து, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே ஓடவிட்டு, டிரைவர் பக்கத்து முன்பாகங்கள் மோதும்படி செய்தார்கள்.

பழைய கப்பல் ஜெயித்திருக்கும் என்றுதானே எண்ணத் தோன்றுகிறது? அதன் முன்பாகம் நொறுங்கி, டிரைவர் உட்காரும் இடமே சப்பையாகிவிட்டது. ஸ்டீயரிங்கும் முன்பலகையும் பொம்மையின் மேல் வந்து பாய்ந்தன. அந்த இடத்தில் மனிதன் இருந்திருந்தால் அக்கணமே உயிர் போயிருக்கும் என்பது சோதித்தவர்களின் முடிவு. ‘தகர டப்பா’வின் மூக்கும் அடையாளம் தெரியாமல் நசுங்கியதுதான். ஆனால், டிரைவர் இருந்த கூடு குலையவில்லை. அந்தப் பொம்மைக்குப் பாதத்தில் ஏதோ சிறு காயம் ஏற்பட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

செங்கல் பிடிக்கும் கை

இதன் சூட்சுமம் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மட்டும் விளங்குவதல்ல. வீடு கட்டும் இடத்தில் கீழே நிற்கும் ஆள் செங்கல்லை வீச, சாரத்தின் மேல் நிற்கும் ஆள் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடிக்கும் கை விறைத்து நிற்பதில்லை. செங்கல்லோடு கூடவே சற்றுப் பின்வாங்கி, அதன் வேகத்தை ஆற்றி, பிறகு வாங்கிக்கொள்கிறது. விறைத்து நின்றால் விரல் முறியும். காரின் மூக்கு நசுங்குவதும் இந்தப் பின்வாங்கல்தான்.

கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுவது, மூன்றாவது மாடி உயரத்திலிருந்து, அதாவது சுமார் 10 மீட்டரிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். அந்தக் கார் 10 செண்டிமீட்டர் தூரத்திற்குள் நின்றுவிட்டால், பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கும் 60 கிலோ எடையுள்ள ஆளின் மேல் ஏறக்குறைய 6 டன் பாரம் விழுகிறது. மூக்கு 60 செண்டிமீட்டர் நசுங்கி, அதற்குள் நின்றால் அதே பாரம் ஒரு டன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒரு டன்னும் சாமானியமல்ல. ஆனால், மார்பையும் இடுப்பையும் அணைக்கும் பெல்ட் இருந்தால் மனித உடல் அதைக் கண நேரம் தாங்கும். ஆறு டன்னைத் தாங்கும் உடம்பை ஆண்டவன் படைக்கவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகிவிடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதை முதன்முதலில் காரின் அமைப்பிலேயே புகுத்தியவர் பேலா பாரேனி என்ற பொறியாளர். 1907-ல் வியன்னாவுக்கு அருகே பிறந்தவர். ஜெர்மனியில் மெர்ஸிடிஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 2,500-க்கு மேற்பட்ட காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர். கார் முழுவதும் ஒரே கெட்டியாக இருக்கக்கூடாது, நடுவிலுள்ள கூடு கெட்டியாகவும் முன்னும் பின்னும் நசுங்கிக் கொடுப்பவையாகவும் இருக்க வேண்டும் என்று அவர் 1951-ல் காப்புரிமைக்கு மனுச் செய்தார். கெட்டியான வண்டி என்பதே பெருமையாக இருந்த காலத்தில், “எங்கள் வண்டி நசுங்கும்” என்று சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். 1959-ல் அந்த அமைப்புடன் கார் கடைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலையில் காரை வேண்டுமென்றே கெட்டியான தடுப்பில் மோதவிட்டுச் சோதிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில், கொதிநீர் ஆவியைப் பீய்ச்சியடிக்கும் ராக்கெட்டைப் பின்னால் கட்டி வண்டியைத் தள்ளினார்கள் என்பது வேடிக்கையான செய்தி.

இன்றைய காரைக் கழற்றிப் பார்த்தால் பாரேனியின் எண்ணம் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பது தெரியும். நாம் ‘பம்பர்’ என்று கைவைத்துக் காட்டுவது வெறும் பிளாஸ்டிக் முகமூடி. அதற்குப் பின்னே மெத்தை போன்ற நுரைக்கட்டை. அதற்கும் பின்னே, வண்டியின் அகலத்துக்குக் குறுக்கே ஓடும் எஃகு உத்தரம். இந்த உத்தரத்தின் இரு முனைகளும் இரண்டு சிறு எஃகுப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் பின்னே, இரண்டு நீள விட்டங்கள் எஞ்ஜினின் இரு பக்கமாகவும் ஓடிக் கூட்டோடு சேர்கின்றன. மோதும்போது முதலில் பெட்டிகள் மடிய வேண்டும். பிறகு விட்டங்கள் ஹார்மோனியத் துருத்தியைப் போல் மடிப்பு மடிப்பாக மடங்க வேண்டும். எந்த இடத்தில் மடங்க வேண்டுமோ அந்த இடத்தில் வேண்டுமென்றே சிறு பள்ளங்கள் அழுத்தி வைக்கிறார்கள். மடங்காமல் ஒரு பக்கமாக ஒடிந்து சாய்ந்தால் சக்தி வீணாகக் கூட்டுக்குள் பாய்ந்துவிடும். இவ்வளவும் நடந்து முடிய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். கண் இமைக்கும் நேரம்.

பக்கவாட்டில் கதை வேறு. அங்கே மடங்கிக் கொடுக்க இடமில்லை. கதவுக்கும் விலாவுக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம். ஆகையால் அங்கே உண்மையான கெட்டித்தனம் தேவை. கதவுக்குள்ளே எஃகு உத்தரம் வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1969-ம் ஆண்டுக் கார்களில் தொடங்கியது. 1973-ல் கதவு இவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்லிவிட்டது. அடுத்தபடி ஸ்வீடனிலிருந்து வந்தது. போரான் என்ற பொருளைத் துளியளவு சேர்த்த எஃகுத் தகட்டை 900 டிகிரி வரை பழுக்கக் காய்ச்சி, உள்ளே நீர் ஓடும் அச்சில் வைத்து, ஒரே சமயத்தில் அழுத்தவும் குளிர வைக்கவும் செய்கிறார்கள். நம் ஊர்க் கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதும் இதே வித்தைதான். இப்படிச் செய்த எஃகு, சாதாரணத் தகட்டைப் போல் சுமார் ஐந்து மடங்கு பலம் கொண்டது. 1984-ல் ஸாப் கம்பெனியின் காரில் கதவு உத்தரமாகப் புகுந்த இந்த எஃகு, இன்று நடுத்தூண், கூரை ஓரம் என்று கூடு முழுவதும் பரவியிருக்கிறது.

பம்பரின் உண்மையான வேலை என்ன?

உயிரைக் காப்பது பம்பரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பழைய நாளிலிருந்தே அதன் வேலை விளக்கையும் ரேடியேட்டரையும் சிறு இடிகளிலிருந்து காப்பதுதான். அமெரிக்க சர்க்கார் 1973-ம் ஆண்டுக் கார்களுக்கு ஒரு விதி போட்டது. முன்பக்கம் மணிக்கு 8 கிலோமீட்டர், பின்பக்கம் 4 கிலோமீட்டர் வேகத்தில் இடித்தாலும் விளக்கு முதலியவை கெடக்கூடாது என்பது விதி. அவ்வளவுதான்! நடந்து போகிற வேகத்தைக் காட்டிலும் கொஞ்சம் கூடுதல். அதற்கே தடித்தடியான பம்பர்கள் வந்து, வண்டியின் எடையும் விலையும் ஏறி, 1982-ல் அந்த அளவையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

இப்போது கடையில் வாங்கி மாட்டிய கம்பி வேலிக்கு வருவோம். அதைத் தாங்கும் இரும்புப் பட்டைகளைப் பெரும்பாலும் அந்த நீள விட்டங்களோடுதான் முடுக்குகிறார்கள். அப்படியானால், மோதலை முதலில் வாங்கி மடிய வேண்டிய எஃகுப் பெட்டிக்கு வேலை இல்லாமல் போகிறது. இடி நேரே விட்டத்துக்குப் போகிறது. காற்றுப்பையின் உணர்கருவியோ, வண்டியின் மூக்கு இன்ன விதமாக நசுங்கினால் மோதல் இவ்வளவு பலமானது என்று கணக்குப் போட்டு, 30 மில்லி விநாடிக்குள் பையை விரிக்கும்படி அமைக்கப்பட்டது. முன்னே ஓர் அந்நிய இரும்பை வைத்தால் அந்தக் கணக்குப் பிசகலாம். பல கோடி ரூபாய் செலவிட்டு, பல வண்டிகளை மோதி உடைத்து வகுத்த கணக்கை, அரை மணி நேரத்தில் ஒரு ஸ்பானர் மாற்றிவிடுகிறது.

அதைவிடக் கொடுமை எதிரே வருபவர்களின் கதி. 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். சற்றேறக்குறைய 20 பேர் நடந்து போனவர்கள். பிளாஸ்டிக் முகமூடியும் நுரைக்கட்டையும் அவர்களுடைய காலெலும்புக்குக் கொஞ்சமாவது இடம் கொடுக்கும். கம்பி வேலி கொடுக்காது. பெரியவருக்கு இடுப்பு, பள்ளிக்கூடம் போகும் குழந்தைக்குத் தலை; அந்த உயரத்தில்தான் குழாய் நிற்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2005-ல் இதற்கெனச் சட்டம் செய்து, நடப்பவர் மேல் மோதினால் என்ன ஆகும் என்ற சோதனையில் தேறாத வேலிகளுக்கு இடம் இல்லாமல் செய்துவிட்டன.

இங்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டிக்காட்டி, இத்தகைய வேலிகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. விவகாரம் நீதிமன்றங்களுக்கும் போயிற்று. அவ்வப்போது சோதனை நடக்கிறது, போலீஸார் நிறுத்திக் கழற்றச் சொல்கிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது, பிறகு ஓய்ந்துவிடுகிறது. விற்கிறவரும் மாட்டுகிறவரும் கடை வாசலில் வேலியை அடுக்கி வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க, வாங்கியவரை மட்டும் நடுத்தெருவில் நிறுத்துவது என்ன நியாயமோ தெரியவில்லை.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. நெரிசலில் ஆட்டோ உரசினாலே பம்பரின் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடுகிறது. புதிது மாற்றப் போனால் ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். இரவில் நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வருகிறது. அந்தக் காலத்தில் ஒடுக்கு விழுந்தால் டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, வர்ணமடித்துக் கொடுத்துவிடுவார்கள். இன்று எதை எடுத்தாலும் ‘மாற்ற வேண்டும்’ என்கிறார்கள். இந்தச் செலவுப் பயம்தான் பாதிப் பேரை வேலிக் கடைக்கு அனுப்புகிறது. சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய, விலை மலிந்த வெளிப் பம்பரைச் செய்து தரக் கம்பெனிகளால் முடியாதா? முடியும். கேட்பாரில்லை என்பதுதான் குறை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணமும் உண்டு. 2014-ல் இந்தியாவில் விற்கும் ஐந்து சிறிய கார்களை லண்டனிலுள்ள ஒரு சோதனை ஸ்தாபனம் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஐந்தும் நட்சத்திரக் கணக்கில் பூஜ்யம். சிலவற்றில் கூடே நிலைகுலைந்தது. அதன்பின் ஜனங்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 2017 அக்டோபர் முதல் புது மாதிரிகளும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களும் முன்மோதல், பக்கமோதல் சோதனைகளில் தேற வேண்டும் என்று இந்தியச் சட்டம் வந்தது. 2018-ல் இங்கே செய்த கார் ஒன்று ஐந்து நட்சத்திரமும் வாங்கியது. 2023 அக்டோபரில் நம் நாட்டின் சொந்த நட்சத்திர முறையும் தொடங்கிவிட்டது. சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே காரை மோதிச் சோதிக்கும் கூடம் இருக்கிறது.

இத்தனையும் ஒரே இடத்தில் பயனற்றுப் போகிறது. அது நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்புறம். லாரியின் தளம் காரின் மூக்குக்கு மேலே இருக்கிறது. பெட்டியும் விட்டமும் எதையும் தொடுவதற்கு முன்பே கார் அடியில் புகுந்துவிடும். தளத்தின் விளிம்பு கண்ணாடியைப் பிளந்துகொண்டு தலைக்கு நேரே வரும். 1967-ல் ஹாலிவுட் நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்டு நியூ ஆர்லியன்ஸ் அருகே இப்படித்தான் மாண்டார். லாரிக்குப் பின்னே தடுப்புக் கம்பி வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1953-லிருந்தே இருந்தது. ஆனால், தரையிலிருந்து 30 அங்குல உயரம் வரை அனுமதித்திருந்தார்கள். அது 22 அங்குலமாக இறங்கியது 1998-ல்தான். இடையே போன உயிர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

நம் நாட்டிலும் லாரிக்குப் பின்தடுப்பு வேண்டுமென்று விதி இருக்கிறது. அது வளையாமல் நிற்கும்படி இருக்க வேண்டும், உயரமும் காரின் உத்தரத்துக்கு எட்டும்படி தாழ்ந்திருக்க வேண்டும். ஆனால், நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடைக்கு எதிரே நிற்கும் லாரிகளைப் பார்த்தால் பலவற்றில் அந்தக் கம்பி கோணி நிற்கிறது. சிலவற்றில் கயிற்றால் கட்டித் தொங்குகிறது. சிலவற்றில் இருந்த தடமே இல்லை. தகுதிச் சான்று கொடுக்கும் இன்ஸ்பெக்டர்கள் சக்கரத்தையும் பிரேக்கையும் பார்ப்பதோடு, குனிந்து அந்தக் கம்பியையும் ஒருமுறை உதைத்துப் பார்க்க வேண்டும். காரின் முகத்தில் வீணாகத் தொங்கும் தடித்த இரும்புக்கு உண்மையில் வேலை இருப்பது அங்கேதான்.