கை உடைஞ்சிடும்னு பிள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சுக்காதீங்க

கோடை லீவு விட்டா போதும், எங்க ஓபியில மாவுக்கட்டு போட்ட பிள்ளைங்க கூட்டம் கூடிடும். கூட வர்ற அம்மாக்கள் பாதிப் பேர் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "டாக்டர், இனிமே இவன விளையாடவே விடக்கூடாதுல்ல?"

விடணும். தினமும் விடணும்.

ஓடுற பிள்ளை விழும், சில நேரம் எலும்பும் முறியும். இல்லேன்னு சொல்லல. ஆனா எலும்பு உயிருள்ள திசு. குதிக்கும்போதும் ஓடும்போதும் அதுமேல விழுற அழுத்தத்தை வச்சுத்தான் எங்க கால்சியம் சேர்க்கணும்னு உடம்பு முடிவு பண்ணுது. உட்கார்ந்தே இருக்கிற பிள்ளைக்கு அந்த வேலை சரியா நடக்காது, நீங்க எத்தனை டம்ளர் பால் குடுத்தாலும்.

ஸ்வீடன்ல மால்மோ நகரத்துல ஒரு பள்ளியில தினமும் 40 நிமிஷம் உடற்பயிற்சி வகுப்பு வச்சாங்க. மத்த பள்ளிகள்ல வழக்கம்போல வாரத்துக்கே 60 நிமிஷம்தான். பல வருஷம் தொடர்ந்து கணக்கெடுத்தாங்க. தொடக்கத்துல அதிகம் விளையாடின பிள்ளைகளுக்கு முறிவு குறையல. ஆனா வருஷம் போகப் போகக் குறைஞ்சுக்கிட்டே வந்து, ஏழாவது வருஷத்துல மத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிக்கு வந்துடுச்சு.

10 வயசுலேர்ந்து 14 வரைக்கும் கொஞ்சம் கவனம். பிள்ளை மளமளன்னு வளரும், எலும்புல சுண்ணாம்புச் சத்து சேர்றது அந்த வேகத்துக்கு ஈடு குடுக்காது. மணிக்கட்டுக்கு மேல முறியுற கேஸ்கள் அதிகமா வர்ற வயசு இதான். அதுக்காக உட்கார வச்சா நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கோர்வைப் புடவைக்கு பார்டர் நாடாவைத் தள்ள தறியில இன்னொரு ஆள் வேணும். ஒரு காலத்துல அங்க உட்கார்ந்தது சின்னப் பிள்ளைங்கதான். அவங்களை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமில்ல. இன்னைக்கு அவங்க பெத்த பிள்ளை அதே வீட்டுல செல்போனோட குனிஞ்சு உட்கார்ந்திருக்கு! பள்ளியிலயும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கிறார், திருப்பித் தர்றதில்ல. பெற்றோர் கூட்டத்துல மார்க்கை மட்டும் கேக்காம இதையும் கேளுங்க.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயசு வரைக்கும் தினமும் சராசரி 60 நிமிஷம் உடலசைவு வேணும்னு சொல்லுது. அதுல வாரத்துக்கு 3 நாளாவது எலும்பை உறுதியாக்குற விளையாட்டு இருக்கணும். கிரிக்கெட் கோச்சிங் எல்லாம் வேணாம். கபடி, ஸ்கிப்பிங், நொண்டி, பாண்டி, எதுவா இருந்தாலும் சரி.

கையில அடிபட்டு வீங்கிடுச்சா? எண்ணெய் போட்டு நீவாதீங்க, இழுத்து விடாதீங்க. அட்டையோ ஸ்கேலோ வச்சு, துணியால தொட்டில் கட்டித் தாங்கி, எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வாங்க. மூங்கில் கட்டோ நாங்க போடுற மாவுக்கட்டோ, எதுவானாலும் போட்ட பிறகு விரல் வெளுத்தாலோ, நீலம் பாரிச்சாலோ, மரத்துப் போனாலோ, விரலை நீட்டும்போது பிள்ளை அலறினாலோ ரத்த ஓட்டம் தடைபடுதுன்னு சந்தேகப்படணும். சில மணி நேரத்துல தசை செத்துப் போகலாம். ராத்திரி 2 மணியா இருந்தாலும் உடனே தூக்கிட்டு வாங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க.