அளவைக் களைந்து கணித்தல்

வகையீட்டுச் சமன்பாடுகளைக் கணினியிலிட்டு எண்முறையால் விடை காண்பது இக்கால மாணவர்க்கு எளிதாயிற்று. ஆயினும் மீற்றர், கிலோகிராம், செக்கன் ஆகிய அலகுகளைக் களையாமலே சமன்பாட்டைப் பொறியிடம் ஒப்புவிக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. முதலிற் பரிமாணத்தை நீக்குதல் வேண்டும். தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என வினவுவோரும் உளர். சொல்லிற் சுருக்கம் நாடுவோர்க்குக் கணக்கிற் சுருக்கமும் இனிக்கும்.

நெடுங்கேணி உழவர் குளத்தை நோக்கி, "முக்கால்வாசி தண்ணி நிக்குது" என்பர். அடிக்கணக்கு அங்கே வேண்டப்படுவதில்லை. இம்முறையின் வித்து அதுவே. செங்குத்துச் சுவருடைய தொட்டியொன்று அடித்துளையால் வடிவதாகக் கொள்க. நீர்மட்டத்தைத் தொடக்க மட்டத்தாலும், காலத்தைத் தொட்டியின் பரப்பு, துளையின் பரப்பு, தொடக்க உயரம், புவியீர்ப்பு என்பவற்றால் அமைந்த ஒரு காலத்தாலும் வகுத்தால், மட்டம் குறையும் வீதம் மட்டத்தின் வர்க்கமூலத்துக்குச் சமம் என்பதொன்றே எஞ்சும். 1இல் தொடங்கிய மட்டம், காலம் 0.59 ஆகையிற் பாதியாகும். 2 ஆகையில் வற்றும். சிறு தொட்டிக்கும் பெருந்தொட்டிக்கும் விடை ஒன்றே.

இதற்குக் கைக்கணக்குப் போதும், விண்மீனுக்குப் போதாது. வாயுக்கோளங்களின் சமன்பாட்டைப் பரிமாணமற்ற வடிவில் எண்முறையால் தீர்த்து, 1907இல் வெளியிட்ட நூலில் அட்டவணையாகத் தந்தவர் எம்டன். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் பத்தொன்பது வயதினராய் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். செல்வழியில், வெண்குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லையுண்டெனக் கண்டார். கப்பலிற் கணிபொறி ஏது? முன்னரே தீர்த்து வைக்கப்பட்டிருந்த தூய எண்களே துணையாயின.

1931இல் அவர் வெளியிட்ட எல்லை, ஞாயிற்றின் நிறையில் 0.91 பங்கு. இலத்திரன் ஒன்றுக்குரிய மூலக்கூற்று நிறை 2.5 என அங்கே கொள்ளப்பட்டது. அதனை 2 எனத் திருத்தினால், எல்லை அவ்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமமாகலின், 0.91ஐ 1.25இன் வர்க்கத்தாற் பெருக்க 1.42 வரும். சமன்பாட்டை மீளத் தீர்க்க வேண்டுவதில்லை! ஒரு விண்மீனுக்கென்றே கிராமிலும் சதமமீற்றரிலும் தீர்த்திருப்பின், உழைப்பனைத்தும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

அலகு மறைந்தால் பொருளுணர்வு மங்கும் என்பர் சிலர். இறுதியில் வகுத்த அளவால் மீளப் பெருக்க, அலகு தானே திரும்பும். படிநீளம் எவ்வளவெனத் திகைக்கும் மாணவனுக்கோ, எல்லாக் கணியங்களும் 1ஐ அடுத்து நிற்பதே பேருதவி. விடைக்கு மாத்திரம் புள்ளி வழங்கும் வழக்கத்தை மாற்றி, பரிமாணம் நீக்கும் படிக்கும் தனிப்புள்ளி வழங்குமாறு கணித ஆசிரியர்களை வேண்டுகின்றோம்.