கூடத்தில் ஒரு குண்டு

தஞ்சை கீழவாசல் பக்கம் போகிறவர்கள் பீரங்கி மேட்டில் ஏறி ராஜகோபால பீரங்கியைப் பார்க்காமல் திரும்புவது சரியல்ல. சுமார் 25 அடி நீளம், 22 டன் எடை. ரகுநாத நாயக்கர் காலத்து வேலை. அச்சில் வார்த்து எடுத்ததன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மாட்டி, அடித்து அடித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் நம் கொல்லர்கள். ஏறத்தாழ நானூறு வருஷத்து மழையும் வெயிலும் அதைத் தின்று தீர்த்துவிடவில்லை. இத்தனை பெரிய பீரங்கியின் பக்கத்தில் குழந்தையைத் தூக்கிக் கொண்டு நிற்க யாருக்கும் அச்சமில்லை. அச்சத்துக்குக் காரணமும் இல்லை.

ஏனெனில் பீரங்கி என்பது வெறும் அடுப்பு. விறகு போட்டு, நெருப்பு மூட்டினால்தான் அது எரியும். குண்டின் சங்கதி வேறு. அடுப்பு, விறகு, நெருப்புக்குச்சி மூன்றையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம் அது. பழைய ராணுவச் சாமான்களைச் சேகரிக்கும் பழக்கம் உடைய அன்பர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் இதை எழுதுகிறோம்.

சேகரிப்பதை நாம் குறை கூறவில்லை. காவேரிக் கரைக் குடும்பங்களில் யுத்த ஞாபகங்கள் ஏராளம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்குப் போன எத்தனையோ பேரின் பிள்ளைகள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். இன்னும் பலர் பிரிட்டிஷ் இந்தியச் சேனையில் இருந்து பர்மாவிலும் ஆப்பிரிக்காவிலும் போர் புரிந்தார்கள். தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தால் ஒரு பதக்கம், தோல் வார், தண்ணீர்க் குப்பி எல்லாம் கிடைக்கும். இவற்றைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைப் போன்ற நல்ல காரியம் இல்லை. ஆனால், அதே பெட்டியின் அடியில் டப்பா போன்ற ஒன்று, தலையில் ஒரு வளையத்தோடு கிடந்தால்? கொண்டுவந்த தாத்தா போய்விட்டார். அது காலியா, நிறைந்ததா என்று சொல்ல யாரும் இல்லை.

“இது புகைக் குண்டுதானே? ஆளைக் கொல்லாதே?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் ‘தானே’யில்தான் அபாயம் இருக்கிறது. புகைக் குண்டுகள் ஒரே ஜாதியல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனைகள் எடுத்துச் சென்ற 77ஆம் எண் குண்டு, பார்வைக்குச் சாதாரணத் தகர டப்பா; உள்ளே இருப்பது வெள்ளைப் பாஸ்பரஸ். தரையில் மோதினாலே வெடிக்கும்படி அமைத்தது. பாஸ்பரஸைத் தண்ணீருக்கடியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். காற்றுப் பட்டால் சுமார் 30 டிகிரிச் சூட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். தோலில் ஒட்டினால் எரிந்துகொண்டே உள்ளே இறங்கும். நனைத்தால் அணையும்; உலர்ந்தால் மறுபடியும் எரியும். 30 டிகிரி என்றால் என்ன? தஞ்சையில் சித்திரை மாதத்துப் பகல் வேளைக்கு அது ஒரு சூடே அல்ல! கொள்ளிவாய்ப் பிசாசு வயல்வெளியில் திரிகிறதென்று நம் பாட்டிமார் பயமுறுத்துவார்கள்; அதைத் தகரத்தில் அடைத்து அலமாரியில் வைத்தது போலத்தான் இது.

பாஸ்பரஸுக்குப் பூண்டு வாசனை உண்டு. பூண்டு அடுப்பேறாத வீட்டில், பழைய டப்பாவின் அருகே அந்த வாசனை வந்தால் சமையலறையை ஆராயாமல் வாசலுக்கு வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

மற்றொரு ஜாதி, துத்தநாகம் கலந்த வெண்புகை உண்டாக்குவது. திறந்த வெளியில் படையை மறைக்க உதவும் அந்தப் புகை, மூடிய அறைக்குள் சுவாசப்பையை அரித்துவிடும். பயிற்சியின்போதே உயிர்கள் போயிருக்கின்றன. மூன்றாவது, அமெரிக்கர்களின் எம்-18 என்னும் வர்ணக் குண்டு: சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று நான்கு வர்ணம். சேகரிப்பாளர்கள் மயங்குவது இதனிடம்தான். சாயப்பொடியோடு எரியும் மருந்தும் கலந்திருக்கும். பற்றினால் சுமார் ஒரு நிமிஷம் எரியும். ஜமக்காளம் விரித்த கூடத்தில் ஒரு நிமிஷம் போதாதா?

பெரும்பாலானவற்றின் தலையில் ஒரு நெம்புத் தகடும், வளையம் கோத்த பின்னும் இருக்கும். பின்னை உருவினால் நெம்பு விலகும். சுருள்வில்லில் அடங்கியிருந்த சிறு சுத்தி, தீபாவளிக் கேப்பு போன்ற ஒன்றின்மேல் விழும். ஐப்பசி மழையில் நம் ஊர் இரும்பு என்ன பாடு படுகிறதென்று ஒவ்வொரு வீட்டுக் ஜன்னல் கம்பியும் சொல்லும். அந்த வில்லை இத்தனை வருஷமாகத் தடுத்து நிறுத்தியிருப்பது துருப்பிடித்த ஒரு பின் மட்டுமே.

“எண்பது வருஷத்து மருந்து நமத்துப் போயிருக்காதா?” என்று அடுத்த கேள்வி வரும். இதற்கு நம் ஜில்லாவின் சரித்திரத்தைத் தொட்டே பதில் சொல்லலாம். 1782 பிப்ரவரியில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைக் கும்பகோணத்துக்கு அருகே முறியடித்தவர் திப்பு. அவருடைய படைக்குப் பேர் வாங்கித் தந்தவை இரும்புக் குழல் ராக்கெட்டுகள். 2018இல் கர்நாடகத்தில் சிவமொக்கா ஜில்லா நகரா என்னும் ஊரில், வற்றிய கிணறு ஒன்றைத் தோண்டியபோது அத்தகைய ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. மண்ணே வெடிமருந்து வாசனை வீசிற்றாம். இருநூறு வருஷத்துக்கு மேல் கிணற்றுச் சேற்றில் கிடந்த மருந்தின் வாசனையே போகவில்லை என்றால், அலமாரியில் உலர்ந்து கிடப்பதைப் பற்றி என்ன சொல்ல?

சட்டமும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் கைக்குண்டையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. 1908ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் உண்டு. ஞாபகார்த்தம் என்பதற்காக மருந்துள்ள குண்டை வைத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காலிக் கூடாக இருந்தாலும் வாங்குமுன் போலீஸ் அதிகாரியைக் கேட்டு எழுத்தில் பதில் பெறுவது நல்லது. அதைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலிலோ விமானத்திலோ போக நினைப்பவரின் தைரியத்தை நாம் மெச்ச மாட்டோம்.

அப்படியானால் காட்சிக்கு வைப்பது எதை? எரிந்து முடிந்ததை, அல்லது தகுதியுள்ளவர்கள் மருந்தையும் கேப்பையும் நீக்கி அதற்குச் சான்று கொடுத்ததை. அடியிலோ பக்கத்திலோ துளையிட்டு, உட்புறம் வெறுமையாய் இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வர்ணத்தை நம்பக் கூடாது. நீலம் பூசியது பயிற்சிக் குண்டு என்பது அமெரிக்க வழக்கம். ஆனால் பெயிண்டு டப்பா எல்லாக் கடையிலும் விற்கிறது. கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத் தீர்மானிப்பதும், குலுக்கிக் காது கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். வீட்டிலே மருந்தை நீக்குகிறேன் என்று திருப்புளியை எடுப்பவரை வீட்டிலுள்ள பெண்மணிகள் உடனே தடுத்துவிடுவார்கள் என்று நம்புகிறோம்.

சான்று பெற்ற கூட்டைத் துருவெடுத்து, மெல்லிய மெழுகு பூசி, பூட்டுள்ள கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். இன்ன வருஷத்தது, இன்னார் கொண்டுவந்தது, உள்ளே மருந்தில்லை என்று தமிழில் எழுதிய சீட்டு ஒன்றும், சான்றின் பிரதி ஒன்றும் பெட்டியிலேயே இருக்கட்டும். நாளை பேரனுக்கு அது வேண்டியிருக்கும். வளையத்தைக் கண்டால் இழுத்துப் பார்க்காத குழந்தை உலகத்தில் இல்லை. ஆகவே பெட்டி எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பலை நாம் மறக்கவில்லை. பொல்லாத ஆசாமியை இன்னும் ‘எம்டன்’ என்றுதான் சொல்கிறோம். அந்தக் கப்பலின் குண்டுச் சில்லு ஜார்ஜ் கோட்டைக் காட்சிச்சாலையில் இருக்கிறது. வெடித்து முடிந்த ஒரு துண்டு இரும்பு அந்த இரவு முழுவதையும் ஞாபகப்படுத்தப் போதுமானதாயிருக்கிறது.

பெட்டியிலோ பரணிலோ சந்தேகமான டப்பா இருந்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், தண்ணீர் வாளிக்குள்ளும் போடாதீர்கள். அறையைச் சாத்திவிட்டு, குழந்தைகளையும் வயதானவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் வெளியே அனுப்பி, 112க்குப் போன் செய்யுங்கள். வெடிகுண்டு நிபுணர்களை அழைப்பது போலீஸாரின் பொறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் அதைப் பழைய இரும்புக்காரருடைய தராசில் போட்டுவிடாதீர்கள். அவர் அதை மற்ற இரும்போடு சேர்த்துச் சம்மட்டியால் அடிப்பார்.